கொழிஞ்சாம்பாறை அக்காவுக்கு: பையில் பச்சைப் பூஞ்சணம் பற்றி

வணக்கம் அக்கா. வைக்கோல் அடைத்த சிப்பிக்காளான் பைகளில் பாதி பத்து நாளுக்குள் பச்சையாகிவிட்டது, வித்து (காளான் இழை படர்ந்த தானியம்) சரியில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு வைக்கோல் மேல்தான் சந்தேகம்.

பச்சை எங்கே தொடங்கியது என்று பாருங்கள். வித்துத் தானியத்தைச் சுற்றியே என்றால் வித்தில் குறை. நீங்கள் சொல்வதுபோல் பையின் அடியில், ஈரம் தேங்கும் இடத்தில் என்றால், வேக்காடு போதவில்லை அல்லது நீர் வடியவில்லை. இது டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூஞ்சை. அறுவடையில் மழை பட்ட வைக்கோலில் இந்தப் பூஞ்சையின் நுண்வித்துகள் ஏராளமாக இருக்கும். வெந்நீரை ஊற்றி மூடி வைத்தால் போதாது. 80 டிகிரிக்குக் குறையாமல் ஒரு மணி நேரம் முழுக வேகவேண்டும். அப்புறம் சுத்தமான இடத்தில் உலர்த்துங்கள். இறுக்கிப் பிழிந்தால் கை நனையவேண்டும், சொட்டக்கூடாது.

இன்னொன்று கேட்கவேண்டும்: வீட்டில் நெல்லுக்கோ மிளகுக்கோ டிரைக்கோடெர்மா விரிடி பொடி கலக்குகிறீர்களா? வயலில் வேரழுகலைத் தடுக்கும் அதே வகைப் பூஞ்சைதான் காளான் அறையில் எதிரி. அந்தப் பொடியையும், அதைக் கலந்த கை, துணியையும் அறைப்பக்கமே கொண்டுவராதீர்கள்.

கெட்ட பைகளை உள்ளே பிரிக்கவேண்டாம், தயவுசெய்து. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, அப்படியே தூரமாக எடுத்துப்போய், வைக்கோலை மட்டும் குழியில் புதையுங்கள். வெள்ளை நன்றாகப் படர்ந்த பைகள் காய்க்கும், அவற்றை விட்டுவிடாதீர்கள். காளான் பறித்து முடிந்த வைக்கோலை மட்கவைத்துத் தென்னைக்குப் போடலாம்.