கோழியை அடைக்கவா, மேய விடவா? நகையை அடகு வைப்பதற்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: வணக்கம் சார். எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். வீட்டை ஒட்டிய 60 சென்ட் தோட்டத்தில் சிறுவிடை என்கிற சின்ன ரக நாட்டுக்கோழியில் 12 பெட்டைகளும் ஒரு சேவலும் மேய்கின்றன. போன வருடம் 150 குஞ்சு பொரித்தும் 40 தான் தேறியது. கீரியும் காக்காயும் தூக்கியது போக, தை மாதம் கழிச்சல் நோய் வந்து கொஞ்சம் செத்தன. பக்கத்துத் தோட்டக்காரரும் தக்காளி நாற்றைக் கிளறுவதாகச் சத்தம் போடுகிறார். செயினை அடகு வைத்து 65,000 ரூபாயில் கம்பிவலைக் கொட்டகை போட்டு, எல்லாவற்றையும் அடைத்து வளர்க்கச் சொல்கிறான் தம்பி. முட்டை 12 ரூபாய், உயிர்க்கோழி கிலோ 400 ரூபாய், தீவனம் கிலோ 36 ரூபாய். கோழி விற்ற காசில் 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம் அம்மா. செயின் கழுத்திலேயே இருக்கட்டும். கொட்டகை வேண்டாம், ஆனால் குஞ்சுகளை மட்டும் கட்டாயம் அடையுங்கள். ஏன் என்று நீங்கள் எழுதிய விலைகளை வைத்தே சொல்கிறேன்.

அடைத்து வைத்த பெட்டைக்கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்னும். வருடத்துக்கு 40 கிலோ, அதாவது 1,440 ரூபாய். சிறுவிடை வருடத்துக்கு 60 முட்டை இட்டால் 720 ரூபாய். எல்லா முட்டையையும் விற்றாலும் தீவனக் காசில் பாதிதான் வரும். இப்போது அந்த 40 கிலோவில் பெரும்பங்கைப் புழு, பூச்சி, கீரை, சிந்திய தானியம் என்று உங்கள் தோட்டமே போடுகிறது. அதற்கு நீங்கள் ரூபாய் கொடுப்பதில்லை என்பதால் அது கணக்கில் வருவதே இல்லை. அடைத்த மறுநாளிலிருந்து அது முழுவதையும் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

மொத்தமாகப் பார்ப்போம். 13 கோழிக்கு வருடத் தீவனம் 18,720 ரூபாய். நகைக்கடன் வட்டி 9 சதவீதம் என்று வைத்தாலும் 5,850 ரூபாய். இரண்டும் சேர்ந்து 24,570. கொட்டகையால் 40-க்குப் பதில் 80 குஞ்சு தேறும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒன்றேகால் கிலோ கோழி 500 ரூபாய். அந்த எடைக்கு வரும்வரை அடைப்பில் ஆறு கிலோ தீவனமாவது தின்னும், அது 216 ரூபாய். மிஞ்சுவது கோழிக்கு 284, எண்பதுக்கு 22,720. முட்டைக் காசு இரண்டு முறையிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் ஒதுக்கிவிட்டேன். ஆக, வருடம் முழுக்கக் கூளம் கிளறி, தண்ணீர் வைத்து, கடைசியில் 1,850 ரூபாய் கைநட்டம். அசல் 65,000 அப்படியே நிற்கும்.

தம்பி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 150-ல் 110 போனது பெரிய இழப்பு, அதை இப்படியே விட முடியாது. ஆனால் கீரிக்கும் காக்காய்க்கும் பெரும்பாலும் பலியாவது குஞ்சுகள்தான். முதல் எட்டு வாரத்தைத் தாண்டிய கோழி ஓடத் தெரிந்தது, மரத்தில் ஏறத் தெரிந்தது. ஆபத்து அந்த எட்டு வாரத்தில் இருக்கும்போது, வேலியை வருடம் முழுக்க, எல்லாக் கோழிக்கும் எதற்குப் போட வேண்டும்?

சேமிப்பிலிருந்து 12,000 ரூபாய்க்குள் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, மேலேயும் வலை அடித்த குஞ்சு அடைப்பு. அடியில் ஒரு வரிசை ஹாலோ பிளாக் வைத்துக் கட்டினால் கீரி தோண்டி நுழையாது. குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடை காக்காய்க்குத் தாங்கும், கீரிக்குத் தாங்காது. இரண்டாவது, பெரிய கோழிகள் இரவு அடைய ஒரு கூண்டு. இரவுக்கு மட்டும் என்றால் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி போதும்.

இந்த முறையில் 100 குஞ்சுக்கு எட்டு வாரம் ஆளுக்கு ஒன்றரை கிலோ குஞ்சுத் தீவனம், கிலோ 40 ரூபாய் வீதம் 6,000 ரூபாய். அப்புறம் மேய விட்டு, விற்கும்வரை மாலையில் 40 கிராம் குருணையோ கம்போ. அது கோழிக்குச் சுமார் 90 ரூபாய், நூறில் தேறும் எண்பதுக்கு 7,200. விற்பனை 40,000 ரூபாயில் இதைக் கழித்தால் 26,800 ரூபாய் நிற்கும். போன வருடம் 40 கோழியில் நீங்கள் பார்த்தது 20,000. முதல் வருட லாபத்தில் ஏறக்குறைய பாதி கூண்டுச் செலவுக்குப் போய்விடும், அடுத்த வருடத்திலிருந்துதான் வித்தியாசம் தெரியும். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலை போட்டு, தண்ணீர் தெளித்து மண்ணில் கவிழ்த்து வைத்தால் காலையில் கறையான் ஏறியிருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது, தீவனச் செலவும் குறையும்.

ஒரே நேரத்தில் 80-ஐயும் தோட்டத்தில் விடாதீர்கள். 60 சென்ட் அத்தனைக்கு இரை தராது. அடை வைப்பதை மாதாமாதம் பிரித்து, ஐந்து ஆறு மாதத்தில் விற்றுக்கொண்டே இருங்கள்.

கழிச்சலுக்குக் கொட்டகை மருந்து அல்ல. அடைப்புக்குள் வந்தால் இன்னும் வேகமாகப் பரவும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் இலவசமாகக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி போடுகிறது. உங்களுக்கு நோய் வருவது தை மாதம் என்பதால் முகாமுக்குக் காத்திருக்காமல், மார்கழிக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். நீங்கள் செய்யும் செலவுகளிலேயே அதிகம் திருப்பித் தருவது இதுதான்.

பக்கத்துத் தோட்டக்காரர் விஷயத்தையும் லேசாக விடாதீர்கள். பணத்தை விட அது பெரிது. கோழிகளைக் காலை பத்து மணிக்கு மேல் திறந்துவிடுங்கள். பெரும்பாலான முட்டை அதற்குள் கூண்டிலேயே விழுந்துவிடும், புதரில் தேட வேண்டாம். அவர் நாற்று நட்டு வேர் பிடிக்கும் இரண்டு மூன்று வாரம் மட்டும் எல்லையில் நைலான் வலை கட்டி, அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் பூச்சிமருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு, அன்றும் மறுநாளும் கோழியை அடைத்துவையுங்கள். அருகில் பறவைக் காய்ச்சல் என்று அறிவிப்பு வந்தாலும் அப்படித்தான்.

இன்னொன்று. கொட்டகை போட்டால் குஞ்சும் தீவனமும் தந்து மாதாமாதம் இவ்வளவு நிச்சயம் என்று யாராவது ஒப்பந்தத்தோடு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டு 2012-ல் ஏமாந்தவர்கள் பெருந்துறையைச் சுற்றி ஏராளம். அவர்களிடம் சொன்னதும் இதே வார்த்தைகள்தான்.

மீதி 3,000 ரூபாயை எடுக்காமல் வையுங்கள். தடுப்பூசி, குஞ்சுத் தீவனம், ஒரு மழைக்காலத்தில் விற்பனை மந்தமானால் குருணை வாங்க, அது தேவைப்படும்.