பழைய ஸ்டாப் மோஷன் (பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, பிரேம் பிரேமாக எடுப்பது) குழந்தைத் தொடர்களை எப்படிச் சீரமைத்து மறுவெளியீடு செய்கிறார்கள்? மென்பொருளில் போட்டு எடுத்தால் போதாதா?

போதாது. நிஜ நடிகர்கள் நடித்த படங்களை மனதில் வைத்து எழுதிய மென்பொருளுக்கு, ஸ்டாப் மோஷனில் எது தூசி, எது பொம்மை என்று தெரியாது. தானியங்கியாக ஓட்டிவிட்டால், அது அழித்ததைத் திரும்பக் கொண்டுவருவதே தனி வேலையாகிவிடும்.

பிபிசியில் 1969 முதல் 1972 வரை வந்த, சிறு கோளொன்றில் வாழும் கம்பளிப் பொம்மைகளின் கதையான ‘க்ளாங்கர்ஸ்’ தொடரை எடுத்துக்கொள்வோம். ஆலிவர் போஸ்ட்கேட்டும் பீட்டர் ஃபிர்மினும் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு பண்ணைக் கொட்டகையில் 16 எம்.எம். கேமராவை வைத்து எடுத்தது. பிரிட்டிஷ் டிவிக்கு நொடிக்கு 25 பிரேம், அப்படியானால் பத்து நிமிடத்துக்கு 15,000 பிரேம். 16 எம்.எம்.மில் அடிக்கு 40 பிரேம் என்பதால் 375 அடி ஃபிலிம். அதை 4கே (குறுக்கே சுமார் 4,000 புள்ளி), 10 பிட் டிபிஎக்ஸாக (பிரேமுக்கு ஒரு படக்கோப்பு) ஸ்கேன் செய்தால் பிரேமுக்கு சுமார் 50 எம்பி. ஒரு பகுதிக்கே 750 ஜிபி வேண்டும். உண்மையில் 16 எம்.எம்.மில் உள்ள விவரம் 2கே-க்குள் அடங்கிவிடும். 4கே எடுப்பது கிரெயின் (ஃபிலிமின் துகள்) சுத்தமாகப் பதிவதற்காகத்தான். காசு இல்லையென்றால் பிரிண்டை 4கே எடுப்பதைவிட ஒரிஜினல் நெகட்டிவை 2கே எடுப்பது எவ்வளவோ மேல்.

நெகட்டிவ் பெரும்பாலும் ஏ ரோல், பி ரோல் என்று ஷாட்டுகளை மாற்றி மாற்றி ஒட்டிய இரண்டு சுருளாக இருக்கும். இரண்டையும் தனித்தனியே ஸ்கேன் செய்து பிறகு கோக்க வேண்டும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். உள்ளே ஏ-டி துண்டு (அமிலத்தைக் காட்ட நிறம் மாறும் காகிதம்) ஒன்றைப் போட்டு வையுங்கள். நீலம் பச்சையாகி மஞ்சளை நெருங்கினால் அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, வரிசையில் முதலாவதாக ஸ்கேன் செய்யுங்கள். சுருக்கம் ஒரு சதவீதத்தை நெருங்கிய ஃபிலிமைப் பல்சக்கர இயந்திரத்தில் ஏற்றினால் துளைகள் கிழியும். உருளையில் ஓடும் ஸ்கேனர்தான் வேண்டும். பின்பக்கக் கீறல்களை வெட் கேட் (ஃபிலிமைத் திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்யும் முறை) மறைத்துவிடும், ஏனென்றால் அந்தத் திரவத்தின் ஒளிவிலகல் ஃபிலிமுடையதை ஒத்திருக்கிறது. சாயமே பெயர்ந்து போன கீறலுக்கு அது உதவாது.

இனிதான் தலைவலி. தூசி நீக்கும் மென்பொருள் முந்தைய பிரேமையும் அடுத்த பிரேமையும் ஒப்பிடும். நடுவில் ஒரே ஒரு பிரேமில் தோன்றுவதெல்லாம் அதற்குத் தூசி. பொம்மையோ பிரேமுக்குப் பிரேம் தாவுகிறது, அசைவின் மங்கலும் இல்லை. கண் சிமிட்டல், தெறிக்கும் சூப்புத் துளி, நட்சத்திர மினுக்கம் எல்லாம் காணாமல் போகும். வண்ண ஃபிலிம் என்றால் அகச்சிவப்புச் சேனலையும் சேர்த்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சாயம் அகச்சிவப்பைத் தன் வழியே விட்டுவிடும், தூசி மறைக்கும். எனவே எது தூசி என்பதற்குப் படத்தைச் சாராத சான்று கிடைக்கும். கறுப்பு வெள்ளையில் வெள்ளித் துகளே ஒளியை மறைப்பதால் இந்த வழி பலிக்காது.

ஸ்டாப் மோஷனில் ஒரு சலுகையும் உண்டு. பல ஷாட்டுகளில் ஒரே நிலையை இரண்டு பிரேம் எடுத்திருப்பார்கள். ஒன்றில் தூசி விழுந்தால் ஜோடிப் பிரேமில் அதே இடம் சுத்தமாக இருக்கும், அப்படியே எடுத்து ஒட்டலாம். எனவே முதலில் ஷாட் ஷாட்டாகப் பார்த்து, எது இரண்டிரண்டு, எது ஒற்றை என்று பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவை வைத்து 50 பிரேமாக்கி ‘வழவழப்பாக்கும்’ ஆசை இங்கேயே செத்துவிட வேண்டும். இரண்டு நிலைகளுக்கு நடுவே இல்லாத கையை அது வரைந்து வைக்கும்.

வெளிச்சத் துடிப்புக்குப் பல காரணங்கள்: மின்னழுத்த ஏற்ற இறக்கம், ஒற்றைப் பிரேம் ஷட்டரின் சீரின்மை, பொம்மையை நகர்த்தியவரின் நிழல். முதலிரண்டும் பிரேம் முழுக்க அடிக்கும், சராசரியை வைத்துச் சமன் செய்யலாம். நிழல் ஒரு மூலையில் மட்டும் விழும். அந்த இடத்தை மட்டும் மறைத்துத் திருத்த வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். கம்பளியில் விரல் பட்டு ரோமம் நெளிவதைத் துடிப்பு என்று எண்ணித் தொடவே கூடாது. திரையில் பிரேம் ஆடுவதை நிறுத்தவும் படத்தைப் பார்க்காமல் ஃபிலிம் துளையை ஆதாரமாகக் கொள்ளுங்கள். படத்தைப் பிடித்து நிறுத்தினால் பொம்மை நிற்கும், தரை வழுக்கும்.

கிரேடிங்கில் (நிறத் திருத்தத்தில்) பெரிய பிழை கறுப்பைத் தூக்குவது, அதாவது இருண்ட பகுதியை வெளிச்சமாக்குவது. தொங்கவிட்ட நூலை இருண்ட வானம்தான் மறைக்கிறது. அதையும் மீறி நூல் தெரிந்தால் அழிக்காதீர்கள் என்பேன், படம் அப்படித்தான் எடுக்கப்பட்டது. க்ளாங்கர்களே இளஞ்சிவப்பு, வெளுத்த பிரிண்டும் இளஞ்சிவப்பு என்பதால், நிறச் சமநிலைக்குப் பொம்மையை விட்டு அவற்றின் குழிவாசல் உலோக மூடிகளைப் பாருங்கள். (இதே இருவரின் ‘பேக்புஸ்’, 1974, செபியாவில் (பழுப்பு நிறத்தில்) தொடங்கிப் பூனை விழித்ததும் வண்ணமாகும். அதை நிற இழப்பு என்று ‘சரிசெய்துவிட’ ஒரு பொத்தான் போதும்.) பழைய டிவி வடிவமான 4:3-ஐ அகலத்திரை 16:9 ஆக வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போகும்.

ஒலிக்குத் தனிக் காந்தச் சுருள் இருக்கிறதா என்று தேடுங்கள், ஃபிலிம் ஓரத்தில் ஒளியால் பதித்த 16 எம்.எம். ஆப்டிகல் ஒலியைவிடப் பல மடங்கு தெளிவு. பிசுபிசுப்பான பழைய டேப்பைச் சூடாக்கி மீட்கும் முறையை அசிடேட் சுருளில் செய்தால் சிதைவுதான் வேகமாகும். க்ளாங்கர்களின் பேச்சு முழுக்க ஸ்வானி விசில் (தண்டை இழுத்துச் சுருதி மாற்றும் ஊதல்). அதன் மூச்சுக்காற்றை இரைச்சல் என்று மென்பொருள் துடைத்துவிடும், குறைந்த அளவில் மட்டும் ஓட்டுங்கள்.

கடைசியாக வட்டு. சாதாரண ப்ளூரேயில் நொடிக்கு 25 பிரேம் 1080பி (முழுப் பிரேம்களாகக் காட்டும் வடிவம்) கிடையாது. ‘1080ஐ 50’ (நொடிக்கு 50 அரைப் பிரேம்) வடிவத்துக்குள் முழுப் பிரேம்களாகப் பொதிந்தால் வேகம் மாறாது. 24-க்கு இறக்கினால் பத்து நிமிடம் 25 நொடி நீளும், சுருதியைத் திருத்தாவிட்டால் விசில் ஒரு அரைச் சுரத்தில் (செமிடோன்) பத்தில் ஏழு பங்கு அளவுக்கு இறங்கும்.