உங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கோவில் பணி எது? அது பெருமையா, சுமையா?

எங்கள் வீட்டை ஊரில் கோவில்பிள்ளை வீடு என்பார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர், கத்தோலிக்கப் பங்குக் கோவில். மணி அடிப்பது, கதவு திறப்பது, விளக்கேற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, குழி வெட்ட ஆள் பிடிப்பது எல்லாம் கோவில்பிள்ளை வேலை. சில ஊர்களில் மெலிஞ்சியார் என்றும் சொல்வார்கள்.

2019இல் கோவிலுக்கு நூறு வயதானபோது முகப்பில் ஒரு கல் பதித்தார்கள். கோவில்பிள்ளைகள் என்று மூன்று பெயர்: பூட்டன் 1919–1946, தாத்தா 1946–1978, அப்பா 1985–2016. இடையில் ஏழு வருஷம் கோவில் பூட்டியா கிடந்தது என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சம்பளக் கதை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் என்ற சாமியார் எங்கள் கரையான முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர் ஆட்களை வைத்து செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து சொல்லிக் கொடுத்தார். ஒரு ஊரை விட்டுக் கிளம்பும்போது அங்கே செபம் சொல்லித்தர ஓர் ஆளை வைத்துவிட்டுப் போவார். கணக்கப்பிள்ளை என்று பெயர். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே. போர்ச்சுகல் ராணியின் செருப்புச் செலவுக்கென்று இந்தக் கரை மக்கள் கட்டிவந்த ஒரு வரி இருந்தது. அந்தப் பணத்தை இந்த ஆட்களுக்கு விட்டுக்கொடுங்கள் என்று சவேரியார் கேட்டார். அப்பாவுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். தொண்ணூறுகளில் அவருக்கு மாதம் 300 ரூபாய். யாராவது அதைக் கேட்டு உச்சுக் கொட்டினால், "செருப்புக் காசுதானே, எவ்வளவு வரும்?" என்பார்.

(நாங்கள் காலம் முழுக்கப் பிடித்திருந்த சாவியும் போர்ச்சுகீசியச் சொல்தான். பூசை உடுப்பு வைக்கும் அலமாரியும் அப்படியே.)

தாத்தா காலத்துப் பூசை லத்தீனில். சாமியார் பீடத்தைப் பார்த்து, நமக்கு முதுகைக் காட்டி நிற்பார். அவர் "தோமினுஸ் வோபிஸ்கும்" என்றால் தாத்தா "எத் கும் ஸ்பிரித்து தூவோ" என்று முழங்குவாராம். அர்த்தம் தெரியாது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது, சாமியாரும் எங்கள் பக்கம் திரும்பினார். தாத்தாவுக்கு அதில் ஒரு சின்ன வருத்தம். இனி ஊரில் எல்லாருக்கும் பதில் சொல்லத் தெரியும் அல்லவா!

நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் பாட்டியிடம்தான். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல் கடையில் வாங்குவதில்லை. போன வருஷம் குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலை ஒவ்வொரு வீட்டிலும் படத்துக்குப் பின்னால் செருகி இருக்கும். அதை வீடு வீடாக வாங்கி வந்து பழைய இரும்புச் சட்டியில் எரிக்க வேண்டும். காற்று அடங்கிய அதிகாலையில் எரிப்போம், இல்லையென்றால் கடல் காற்றில் பாதி பறந்துவிடும். பிறகு பழைய மெல்லிய சேலையில் இரண்டு தடவை சலிப்பது. சரியாகச் சலிக்காவிட்டால் நெற்றியில் பூசும்போது நரநரவென்று உறுத்தும். "ஏல, தவக்காலம் நெத்தியில குத்தணும்னு யாரும் சொல்லல" என்பார் பாட்டி.

பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதத்துக்கு அடித்த மணி, சனி ராத்திரி பாஸ்கா என்கிற ஈஸ்டர் பூசையில் அதே கீதத்துக்குத்தான் மறுபடி ஒலிக்கும். இடையில் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவோம். சின்ன வயதில் எனக்குக் கிறிஸ்துமஸைவிட அந்தக் கட்டைதான் பெரிசு.

துணி துவைப்பதற்கும் ஒரு முறை உண்டு. பூசைக் கிண்ணத்தைத் துடைத்த துணியை முதலில் தனியாக அலச வேண்டும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது, கால் படாத மண்ணில் ஊற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் சோப்பு. எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீர் போகிற இடம் பின்கட்டு நந்தியாவட்டையின் தூர்.

சரி, அந்த ஏழு வருஷம். தாத்தா இறந்தது 1978இல், விடியற்காலையில். அப்பாவுக்கு அப்போது 13 வயது. சாவு மணி அடிக்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கம், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மாதாவை நோக்கிச் சொல்லும் அருள்நிறை மந்திரம் ஒன்று சொல்லும் நேரம் விட வேண்டும். அப்பா கயிற்றில் தொங்கிப் பார்த்திருக்கிறார், மணி தாறுமாறாக அடித்திருக்கிறது. பாட்டி பிணத்தின் பக்கத்திலிருந்து எழுந்து போய், தன் புருஷனுக்குத் தானே மணி அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுநாள் காலை மணியும் அவர்தான். அப்படியே 1985 வரை.

ஆனால் பூசை நேரத்தில் பீடத்தில் ஏறமாட்டார். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, மணி அடித்துவிட்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நிற்பார். பெண் பிள்ளைகள் பூசைக்கு உதவி செய்யலாம் என்று ரோமே சொன்னது 1994இல்தான். பங்குக் கணக்கில் அந்த ஏழு வருஷமும் 'தற்காலிகம்' என்று இருக்கிறது, பெயர் கிடையாது. கல் பதிக்கும்போது அப்பா எடுத்துச் சொன்னார். ஏட்டில் இருப்பதைத்தான் பொறிக்க முடியும் என்று பதில் வந்தது. அப்பா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம்தான்.

பெருமையா சுமையா என்று கேட்டால் அப்பா பெருமை என்பார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பிள்ளைகளை எழுப்பி, ஒரு கல்யாணத்துக்குக்கூட வெளியூரில் ராத் தங்காத அம்மாவிடம் கேட்டால் சிரிப்பார். நானும் தம்பியும் அந்த வேலைக்குப் போகவில்லை. அவன் கப்பலில், நான் சென்னையில். 2016இல் அப்பாவுக்கு முழங்கால் போனதும் மின்சார மணி வாங்கிவிட்டார்கள். நேரம் தவறாமல் அடிக்கிறது, சாவு மணிக்குத் தனிப் பொத்தான்கூட இருக்கிறது. நடுவில் மந்திரம் சொல்லும் நேரம் மட்டும் விடுவதில்லை.

துணி மட்டும் இன்னும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. சனிக்கிழமை போன் பேசினால் பின்னால் வாளிச் சத்தம் கேட்கும். "இரு, இந்தத் தண்ணிய ஊத்திட்டு வாறேன்" என்று அம்மா போனை நந்தியாவட்டைக்குப் பக்கத்துத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்.