இரும்பைப் போய் ஏன் கல் என்கிறார்?

கேள்வி: எங்கள் ஊர்க் கருமார் பெரியவர், அரிவாளை வைத்து அடிக்கிற இரும்புக் கட்டியை 'அடகல்லு' என்கிறார். தொட்டுப் பார்த்தேன், முழு இரும்பு. அதைப் போய் ஏன் கல் என்கிறார்?
– தேன்கனிக்கோட்டை வாசகர்

பதில்: பெரியவர் சொன்னது சரிதான். அகராதியில் அது 'அடைகல்'. அடை என்றால் முட்டு, தாங்கல். அடிபடுகிற பொருளை அடியிலிருந்து தாங்குகிற கல். உங்கள் பக்கம் மூன்று பாஷையும் புழங்குமே, விசாரித்துப் பாருங்கள். கன்னடத்தில் அடெகல், தெலுங்கில் தாகலி. தெலுங்குக்காரர்கள் முதல் எழுத்தை விழுங்கிவிட்டார்கள், வேர் ஒன்றுதான்.

சரி, கல் எப்படி வந்தது? நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பொருள்கள் கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். அந்தக் காலத்து உலையில் ஒரு தடவைக்குக் கொஞ்சம் இரும்புதான் தேறும். அதைக் கத்தியாக்குவார்களா, அடியில் போட்டு வைப்பார்களா? கருங்கல்லுக்கா நம் ஊரில் பஞ்சம்! புறநானூறு 170-ஆம் பாட்டிலும் கொல்லன் ஓங்கி அடிக்கும் கூடத்தை, அதாவது சம்மட்டியை, எதிர்த்து நிற்பது 'உலைக்கல்'. அப்புறம் இரும்பு மலிந்தது, கல் போனது, பேர் மட்டும் நின்றுவிட்டது.

சிறுவயதில் ஏர்க்கொழு அடிக்க அப்பாவோடு பட்டறைக்குப் போவேன். புளியங்கட்டையில் பாதி புதைந்து, நடுவில் குழிந்து, வெள்ளிபோல் மினுங்கும் அந்த அடைகல். பழுத்த கொழுவை நாலு அடி அடித்துவிட்டு, வெறும் இரும்பில் ஒரு தட்டு தட்டுவார் கருமார். 'டிங்' என்று அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அங்கே அந்த அடைகல்லுக்குப் பேர் பட்டடை. 'பட்டறை என்று சொல்லத் தெரியவில்லை பார்' என்று நானே சிரித்திருக்கிறேன். கல்லூரிக்குப் போய்க் குறள் 821-ஐப் படித்த அன்றுதான் வாயை மூடினேன்:

சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை
நேரா நிரந்தவர் நட்பு.

மனம் ஒட்டாமல் பழகுகிறவன் பட்டடை மாதிரி. தாங்குவதுபோலவே இருப்பான். சம்மட்டி இறங்கும்போதுதான் தெரியும், தாங்கியது அடி விழுவதற்கு என்று. பட்டறைக்குள் நின்று பார்த்தவர் எழுதிய குறள் என்றே எனக்குப் படுகிறது.

உங்கள் பெரியவருக்குப் 'பட்டடை' என்ற பேரும் பழக்கமா? கேட்டு எழுதுங்கள்.