டிக் டிக் சத்தத்தோட பார்ட்டிக்குப் போலாமா?

கேள்வி: இதயத்துல மெக்கானிக்கல் வால்வு (செயற்கை வால்வு) வெச்சு எட்டு மாசம் ஆச்சு டாக்டர், நல்லாத்தான் இருக்கேன், ஆனா ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டா போறதில்ல, அமைதியான எடத்துல நெஞ்சு டிக் டிக்னு அடிக்கறது பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கேக்குது, கூச்சமா இருக்கு. டான்ஸ், பார்ட்டி, டூர் எல்லாத்தையும் மறந்துடணுமா?

பதில்: எதுக்குங்க மறக்கணும்? அது வால்வோட கார்பன் இதழ் மூடுற சத்தம், அவ்ளோதான். "வாட்ச்சா?"ன்னு யாராச்சும் கேட்டா "ஆமா, உள்ள கட்டியிருக்கேன்"னு சொல்லிட்டுப் போங்க. பழகின சத்தம் திடீர்னு மங்கிப்போனா, இல்ல மூச்சு வாங்க ஆரம்பிச்சா, உடனே ஆஸ்பத்திரி.

உங்க கார்டியாலஜிஸ்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு தாராளமா ஆடுங்க. பாக்ஸிங், கபடி மாதிரி அடிபடற ஆட்டம் வேணாம், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறதால ரத்தம் நிக்க நேரமாகும், தலையில பலமா அடிபட்டா வெளிய காயமே இல்லன்னாலும் போய்க் காட்டிடணும்.

பார்ட்டியில பிரச்சனை கூட்டம் இல்ல, குடிதான். ஒரே ராத்திரியில ஓவரா போனா ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்ளோ நேரமாகுதுன்னு காட்டற டெஸ்ட் அளவு) எகிறிடும், அது இருக்க வேண்டியது பெருந்தமனி வால்வுன்னா பொதுவா 2லேர்ந்து 3, மைட்ரல்னா (இதயத்தோட இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்கற வால்வு) 2.5லேர்ந்து 3.5, உங்க டார்கெட்ட டாக்டர்ட்ட கேட்டு வெச்சுக்குங்க. கீரையில இருக்கற வைட்டமின் கே வார்ஃபரின் வேலைய குறைக்கும்தான், ஆனா பயந்து ஒதுக்க வேணாம், வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவா இருந்தா போதும்.

டூர் போனா மாத்திரைய சூட்கேஸ்ல வெக்காதீங்க, கைப்பையில வெச்சுக்குங்க. தலைவலிக்குன்னு ஃப்ரெண்ட் நீட்டுற ஐபுபுரூஃபனை மட்டும் வாங்கிப் போட்டுடாதீங்க, பாராசிட்டமால்கூட தொடர்ந்து போடறதுன்னா கேட்டுட்டு. அப்புறம் பல் புடுங்கறதுன்னா முன்னாடியே வால்வு விஷயத்த சொல்லிடுங்க, ஆன்டிபயாடிக் போட்டுட்டுத்தான் கை வெப்பாங்க.