புளி பித்தளைக்கு, குரோமுக்கு அல்ல

கேள்வி: கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் மாமா வாசித்த பழைய டிரம் செட்டைப் பரணிலிருந்து இறக்கினோம். ரிம் (தோலைப் பிடித்திருக்கும் வளையம்), லக் (டிரம்மின் பக்கத்தில் திருகு இறங்கும் உலோகப் பிடி) எல்லாம் பொரிப்பொரியாகத் துரு. அம்மா புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். நண்பன் புதிதாக குரோம் பூசிவிடச் சொல்கிறான். எது நல்லது?
- வாசகர், செம்பூர், மும்பை

பதில்: இரண்டும் வேண்டாம். அம்மா கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

துருப்பிடிப்பது குரோம் அல்ல. அது ஒரு மைக்ரான்கூட இல்லாத பூச்சு. அடியில் நிக்கல், அதற்கும் அடியில் ரிம்மின் இரும்பு. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ஈரம் இறங்கி, இரும்புத் துரு மேலே கசிகிறது. மும்பையின் உப்புக்காற்று அதை வேகப்படுத்தும். நீங்கள் பார்க்கும் சிவப்பில் பாதி மேலே படிந்த கறைதான்.

லக் வேறு கதை. அது பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. புளித்தண்ணீரில் ஊறப்போட்டால் முலாம் விட்ட இடத்தில் உலோகத்தையே அரிக்கும். லக்கில் வெள்ளையாக மாவு பூத்திருந்தால் அது துத்தநாகம் அரித்த அடையாளம். மேலே இருப்பதைத் துடைக்கலாம், குழி போகாது.

ஒரு நேரத்தில் ஒரே டிரம்மைக் கழற்றுங்கள், முதலில் போனில் படம் எடுத்துக்கொண்டு. பாத்திர சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, நன்றாகத் துடைத்துவிடுங்கள். அப்புறம் சப்பாத்தி சுற்றும் அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, துருவின் மேல் லேசாகத் தேய்க்கவும். சாம்பல் நிறத்தில் ஒரு கூழ் வரும். வர வரத் துடையுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, அதனால் கீறாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் கீறிவிடும், பக்கத்திலேயே வைக்காதீர்கள். குரோம் உரிந்து ஓரம் தூக்கி நிற்கும் இடத்தை மட்டும் தொடாதீர்கள், தேய்க்கத் தேய்க்க உரியும்.

தோலை இறுக்கும் நீளத் திருகுகளான டென்ஷன் ராடுகளின் மரையில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போதும். காய்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. டிரம் தோலில் எண்ணெய் படக்கூடாது. லக்குக்குள் ஸ்பிரிங் இருந்தால் கழற்றும்போது துள்ளி ஓடும், கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் சத்தம் போட்டால் சிலர் பஞ்சு அடைப்பார்கள். நம் ஊர் மழைக்காலத்தில் பஞ்சு ஈரம் இழுக்கும். அதனால் அடைக்காமல் விடுவதே மேல்.

மறுபடியும் குரோம் பூசுவதென்றால் பழைய பூச்சை உரித்து, பஃப் (சுழலும் துணிச்சக்கரம்) போட்டுத் தேய்க்க வேண்டும். ரிம்மின் விளிம்பும் லக்கின் கூர்மையும் அதில் மழுங்கும். பழைய செட் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அசல் பூச்சைத்தான் விரும்புவார்கள், புள்ளிகள் இருந்தாலும்.

வேலை முடிந்ததும் கார் வேக்ஸ் மெல்லியதாகத் தடவித் துடைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் மட்டும் கட்டி வைக்க வேண்டாம், பழைய வேட்டி போதும்.