தொடாமலே மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா?

கேள்வி: எங்கள் நிலத்துக்கு மேலே உயர் அழுத்த மின்பாதை செல்கிறது. அதன் கீழே டியூப் லைட்டை வெறுங்கையில் பிடித்தாலே எரியும் என்கிறார்கள். அப்படியானால் கம்பியைத் தொடாமல், கீழே ஒரு பெரிய சுருளை வைத்து வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளலாமா? காற்றில் வீணாகப் போவதைத்தானே எடுக்கிறோம்?

பதில்: டியூப் லைட் எரிவது உண்மைதான். ரிச்சர்டு பாக்ஸ் என்னும் கலைஞர் 2004-ல் இங்கிலாந்தில் ஒரு மின்பாதையின் கீழே 1,301 குழல் விளக்குகளை நட்டு, எந்த இணைப்பும் கொடுக்காமல் இரவில் ஒளிரச் செய்தார். 400 கிலோவோல்ட் பாதையின் கீழே, தரையருகில்கூட, மீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் அளவில் மின்புலம் இருக்கும். குழலுக்குள் இருக்கும் வாயுவைத் தூண்டி மங்கலாக ஒளிரவைக்க அது போதும். ஆனால் வோல்ட் (மின்னழுத்தம்) மிகுதியாக இருப்பதால் ஆம்பியரும் (ஓடும் மின்சாரத்தின் அளவும்) மிகுதியாக இருந்துவிடாது. மீட்டருக்கு 5,000 வோல்ட் புலத்தில் ஒரு சதுர மீட்டர் தகட்டை வைத்தால் கிடைப்பது சுமார் 14 மைக்ரோஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் 14 பங்கு. அதே குழல் வீட்டில் முழு வெளிச்சத்துடன் எரியும்போது சுமார் 0.4 ஆம்பியர் எடுக்கிறது.

இனி சுருளுக்கு வருவோம். 1831-ல் ஃபாரடே என்னும் விஞ்ஞானி கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை: மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் அருகிலுள்ள சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும். 500 ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கம்பிக்கு 10 மீட்டர் கீழே, ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தில் 100 சுற்றுகள் சுற்றினால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 0.3 வோல்ட் கிடைக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக இருந்தால், அதன் தடையையும் கணக்கில் கொள்ளும்போது, மிஞ்சுவது 4 மில்லிவாட்டுக்கும் (ஒரு வாட்டின் ஆயிரத்தில் 4 பங்குக்கும்) குறைவு. சுற்றுகளைப் பத்தாயிரமாக்கினால் கம்பியின் நீளம் 40 கிலோமீட்டர், செம்பின் எடை சுமார் 350 கிலோ; அப்போதும் அரை வாட்டை எட்ட முடியாது. உண்மையான பாதையில் மூன்று கம்பிகளின் காந்தப்புலங்களும் தரைக்கு வருவதற்குள் பெருமளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், இதைவிடவும் குறைவாகவே வரும். அந்தச் செம்பின் விலைக்கு ஒரு சூரியத் தகடு வாங்கிவிடலாம் என்பதே என் கருத்து.

கம்பிக்கு மிக அருகில் கதை வேறு. கம்பியைச் சுற்றி இரும்பு வளையம் ஒன்றைப் பூட்டி, அதில் தூண்டப்படும் மின்சாரத்தாலேயே மின்பாதையைக் கண்காணிக்கும் கருவிகளை இயக்குகிறார்கள். கம்பியைக் கவ்விப் பிடித்து அதில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் எலக்ட்ரீஷியனின் கிளாம்ப் மீட்டரும் இதே வகைதான். ஆனால் மின்பாதையில் வளையம் பூட்டுவது மின்வாரியத்தாரின் வேலை.

"வீணாகப் போவது" என்பதையும் திருத்திக்கொள்ள வேண்டும். கம்பியைச் சுற்றியுள்ள புலத்தில் தேங்கும் ஆற்றலில் ஏறக்குறைய முழுவதும் ஒவ்வொரு சுழற்சியிலும் கம்பிக்கே திரும்பிவிடுகிறது. நீங்கள் சுருள் வைத்து இழுத்தால், அந்தச் சுமையை மின்நிலையம்தான் சுமக்கும். ஆகவே, தொடாமல் எடுத்தாலும் அது திருட்டே.

கம்பியைத் தொடாவிட்டாலும் ஆபத்து உண்டு. பாதைக்கு இணையாக, மரக்கம்பங்களில் நீளமாக ஓடும் வேலிக்கம்பியில் அதிர்ச்சி தரும் அளவுக்கு மின்னழுத்தம் சேரக்கூடும் என்பதால், அதை ஆங்காங்கே எர்த் செய்யச் சொல்லுங்கள். டியூப் லைட்டைச் சோதித்துப் பார்க்கும் ஆசையில் அதை உயரமான கழியில் கட்டித் தூக்க வேண்டாம். அலுமினிய ஏணியை அங்கே நிமிர்த்தவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் மின்சாரம் தொடுதலுக்குக் காத்திராமல் இடைவெளியைத் தாண்டிப் பாயும்.